கிணற்றில் இருப்பது யாருடைய கதிர்?

வாசகர் கேள்வி – பதில்

அணுமின் நிலையம், நிலத்தடி நீர், கதிரியக்கம் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை இடம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

காரைக்குடி: கல்பாக்கத்திலோ கூடங்குளத்திலோ கசிவு என்றால் அது நிலத்தடி வழியாக எங்கள் போர் கிணற்றுக்கு வந்து சேருமா? இந்தப் பயத்தில் அப்பத்தா கேன் தண்ணீர்தான் வேண்டும் என்கிறார்கள்.

வந்து சேராது. இரண்டு நிலையங்களும் கடற்கரையில் இருக்கின்றன. கரையோர நிலத்தடி நீர் கடலை நோக்கி இறங்கும். காரைக்குடிப் பக்கத்து நிலத்தடி நீரும் பெரும்பாலும் கிழக்கே கடலைப் பார்த்துத்தான் போகிறது. நடுவில் வடக்கே பெண்ணையாறு, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி. தெற்கே தாமிரபரணி, வைப்பாறு, குண்டாறு, வைகை. ஒவ்வொன்றுக்கும் தனி வடிநிலம். ஒன்றின் நீர் மேடேறி அடுத்ததற்குள் போகாது.

மேடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இடம் கொடுக்காது. நிலத்தடி நீரின் வேகம் தெரிய, மண்ணின் நீர்கடத்தும் திறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நீர் ஓடக்கூடிய துளைவெளியின் பங்கால் வகுக்க வேண்டும். நல்ல மணல் என்றால் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு கிலோமீட்டருக்கு 2 மீட்டர், துளைவெளி 25 சதவீதம். 10 × 0.002 ÷ 0.25 = நாளுக்கு 0.08 மீட்டர். வருடத்துக்கு 29 மீட்டர்! கூடங்குளத்திலிருந்து காரைக்குடி நேர்கோட்டில் சுமார் 240 கி.மீ. ஆக 8,000 வருடத்துக்கு மேல் ஆகும். நீரோடு மிக வேகமாக நகரும் கதிர்த்தனிமமான டிரிட்டியத்தின் அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 12.3 வருடம், 100 வருடத்தில் அது ஏறக்குறைய 280-ல் ஒரு பங்காகிவிடும். கவலைப்பட வேண்டியவை நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகள்.

ஆனாலும் கேனை இன்றைக்கே நிறுத்துங்கள் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட வேண்டாம். உங்கள் போரில் பார்க்க வேண்டிய கதிரியக்கம் ஒன்று உண்டு. அது பாறையிலிருந்து வருவது. கானாடுகாத்தான் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: அணுமின் நிலையத்தைச் சுற்றி நிலத்தடியில் கசிவு இருக்கிறதா, எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தேடுகிறார்கள்? மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு விவரம் வேண்டும்.

எந்தத் தனிமத்தைத் தேடுவது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். தண்ணீர் மூலக்கூறுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அதை மண் பிடித்துவைக்க வழியே இல்லை, நீர் போகும் வேகத்தில் போகும். ஸ்ட்ரான்ஷியம்-90 மண் துகள்களில் கொஞ்சம் ஒட்டும். சீசியம்-137 களிமண்ணின் அடுக்கு விளிம்புகளில் சிக்கிக்கொண்டு கிட்டத்தட்ட நகராமலே நிற்கும்.

இந்தத் தாமதத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. மண்ணின் அடர்த்தியைத் துளைவெளியால் வகுத்து, ஒட்டும் கெழுவால் (தனிமம் மண்ணில் எவ்வளவு ஒட்டும் என்பதன் எண்) பெருக்கி, 1 கூட்டுங்கள். அடர்த்தி 1.7, துளைவெளி 0.3 என்று கொள்வோம். ஸ்ட்ரான்ஷியத்துக்கு ஒட்டும் கெழு கிராமுக்கு 5 மில்லி என்றால் விடை 29. நீரைவிட 29 மடங்கு மெதுவாக நகரும். சீசியத்துக்கு 500 என்றால் 2,800 மடங்கு. மேலே சொன்ன மணலில் ஒரே நாளில் மூன்றும் கசிந்திருந்தால், ஒரு வருடம் கழித்து டிரிட்டியம் 29 மீட்டர், ஸ்ட்ரான்ஷியம் 1 மீட்டர், சீசியம் 1 சென்டிமீட்டர் போயிருக்கும். மாணவர்கள் இதை வரைபடத்தாளில் போட்டுப் பார்த்தாலே, கண்காணிப்புக் கிணற்றில் எல்லோரும் ஏன் முதலில் டிரிட்டியத்தைத் தேடுகிறார்கள் என்று புரிந்துவிடும். நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் கிணற்றில் சீசியம் தெரிந்தால், மண் வழியாக வந்தது என்று சட்டென நம்பக்கூடாது. குழாய், வடிகால், கிணற்றின் உறைக்குழாயான கேசிங்கின் வெளிப்பக்கத்து இடைவெளி என்று ஏதாவது குறுக்குவழி இருக்க வேண்டும்.

அடுத்தது கிணறு போடுவது. நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், ஒரே கோட்டில் இல்லாமல். கேசிங் வாயின் உயரத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு லெவல் எடுக்க வேண்டும். கடற்கரைச் சமவெளியில் சரிவே மிகக் குறைவு என்பதால் 5 சென்டிமீட்டர் பிழை திசையையே மாற்றிக் காட்டிவிடும். கடலோரக் கிணறுகளில் ஏற்றவற்றத்தோடு நீர்மட்டமும் ஏறி இறங்கும், ஆகவே எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒரு கிணறு கட்டாயமாக மேல்சரிவில், நிலையத்தின் பாதிப்பு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எடுத்த எந்த எண்ணையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

நீர் உள்ளே வரும் துளைக் குழாய்ப் பகுதி ஒன்றரை முதல் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். கசிவு பெரும்பாலும் மெல்லிய படலமாகத்தான் போகும். 1 மீட்டர் தடிமனுள்ள படலத்தை 10 மீட்டர் துளைக் குழாயில் இறைத்தால் பத்தில் ஒரு பங்கு எண்தான் அறிக்கையில் வரும். விவசாயப் போரிலிருந்து மாதிரி எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். துளைப் பகுதிக்கு மேலே பெண்டோனைட் களிமண்ணால் அடைக்காவிட்டால் மழைநீர் கேசிங் ஓரமாகவே இறங்கி, மேல்மண்ணில் உள்ளதை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கடினப்பாறையில் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறும். சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பக்கம் அப்படித்தான். 20 மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டு போரில் ஒன்றில் தண்ணீர் பொங்கும், மற்றதில் புகைதான் வரும். நீர் ஓடுவது வெடிப்புகளில். கசிவும் அதே வெடிப்பில்தான் போகும், பக்கத்துக் கிணறு சுத்தமாகவே இருக்கும்.

இனி, கண்டுபிடித்தது யாருடையது என்ற கேள்வி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இந்தியன் பாயின்ட் நிலையம் நல்ல உதாரணம். 2005-ல் இரண்டாம் உலையின் எரிபொருள் குளத்தை (பயன்படுத்திய எரிபொருளை நீருக்குள் வைக்கும் தொட்டி) ஒட்டித் தோண்டியபோது சுவர் வெடிப்பில் கசிவு தெரிந்தது. பிறகு போட்ட கிணறுகளில் டிரிட்டியமும் ஸ்ட்ரான்ஷியமும் கிடைத்தன. இரண்டும் ஒரே மூலம் இல்லை: டிரிட்டியம் முக்கியமாக இரண்டாம் உலையின் குளத்திலிருந்து, ஸ்ட்ரான்ஷியம் 1974-லேயே ஓட்டத்தை நிறுத்திவிட்ட முதல் உலையின் பழைய குளத்திலிருந்து. எந்தக் கிணற்றில் எது எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

உலையின் வகையும் துப்பு கொடுக்கும். கல்பாக்கத்து மெட்ராஸ் அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீரில், அதாவது ஹைட்ரஜனின் இடத்தில் அதன் கனமான வடிவம் டியூட்டீரியம் இருக்கும் நீரில், ஓடுபவை. கனநீர் கசிந்தால் டிரிட்டியத்தோடு டியூட்டீரியமும் கூடும். இயற்கை நீரில் ஹைட்ரஜனில் பத்து லட்சத்துக்குச் சுமார் 150 பங்கு டியூட்டீரியம். 10,000 லிட்டர் நீரில் 1 லிட்டர் கனநீர் கலந்தால் அது 250-ஐத் தொடும். கூடங்குளத்து உலைகளின் முதல்சுற்று நீரில் (எரிபொருளைத் தொட்டு ஓடும் நீர்) போரிக் அமிலம் இருக்கும், அங்கே போரான் ஒரு தடயம். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு சுமார் 4.5 மில்லிகிராம் போரான் உண்டு. குளோரைடையும் சேர்த்து அளந்து, கடல்நீரின் பங்கைக் கழிக்காமல் கரையோரத்தில் போரானை நம்பினால் வம்பு.

இன்னொரு மயக்கமும் உண்டு. புகைபோக்கி வழியாக வெளியேறும் நீராவியில் உள்ள டிரிட்டியம் மழையோடு இறங்கி, கட்டடத்தைச் சுற்றி மேல்மட்ட நீரில் கலக்கும். பார்க்கக் கசிவு மாதிரியே இருக்கும். மழை முடிந்ததும் ஏறி, கோடையில் இறங்கினால், ஆழம் குறைந்த கிணறுகளில் மட்டும் இருந்தால், வேறெந்தக் கதிர்த்தனிமமும் கூட இல்லாவிட்டால் இதைச் சந்தேகிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் எடுக்காமல் வருடத்துக்கு ஒரே ஒரு மாதிரி எடுப்பவர்களுக்கு இது ஒருபோதும் தெரியாது.

தேடல் தவறிய இரண்டு கதைகளையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இல்லினாய் மாநிலத்துப் பிரெய்ட்வுட் நிலையத்தில் கழிவுநீர் பல கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் குழாயில் ஆற்றுக்குப் போனது. குழாயில் ஆங்காங்கே இருந்த காற்று வால்வுகள் 1996-லிருந்து 2000 வரை சில முறை பழுதாகி டிரிட்டியம் கலந்த நீரைக் கொட்டின. அது நிலத்தடியில் பரவியிருந்தது வெளியே தெரிந்தது 2005-ல். உலைக் கட்டடத்தைச் சுற்றிக் கிணறு போட்டால் குழாய் வழியில் நடப்பது தெரியாது, அவ்வளவுதான்.

புரூக்ஹேவன் ஆய்வு உலையில் நடந்தது வேறு மாதிரி. அங்கே சுமார் இரண்டரை லட்சம் லிட்டர் கொள்ளும் எரிபொருள் குளம். கசிந்தது நாளுக்கு 23 முதல் 34 லிட்டர். குளத்திலிருந்து ஆவியாகும் நீரின் கணக்கில் இருந்த பிழைக்குள்ளேயே அது மறைந்துகொண்டதால் பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1997 தொடக்கத்தில் பக்கத்துக் கிணற்றின் டிரிட்டியம்தான் காட்டிக்கொடுத்தது. உலை மறுபடி ஓடவே இல்லை. 1999-ல் நிரந்தரமாக மூட முடிவானது.

புதுவயல்: சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். கிணற்று மாதிரியோடு எடுத்துப்போன வெற்று மாதிரியிலும் டிரிட்டியம் காட்டுகிறது. எங்கே தவறுகிறது?

வெற்று மாதிரி என்பது டிரிட்டியம் இல்லாத நீரை ஒப்பீட்டுக்காக எடுத்துப்போவது. அதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆய்வகத்து அயனி நீக்கிய நீர் என்றால், அது உள்ளூர்க் குழாய் நீர்தான். அயனி நீக்கும் பிசின் உப்பை எடுக்கும், டிரிட்டியத்தை எடுக்காது. ஆழத்திலிருந்து எடுத்த, 1950-க்கு முன் (அணுகுண்டுச் சோதனைகள் மழையில் டிரிட்டியத்தை ஏற்றுவதற்கு முன்) நிலத்துக்குள் இறங்கிய பழைய நீர் வேண்டும். அப்படி ஒரு ஆழ்துளைக் கிணற்றைக் கண்டுபிடித்து, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்துக்கொள்வதுதான் நல்ல ஆய்வகங்களின் வழக்கம்.

தண்ணீர் சரி என்றால், அது எங்கே, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று பாருங்கள். நிலையத்துக்கு அருகே காற்றின் ஈரப்பதத்திலேயே டிரிட்டியம் இருக்கும். திறந்த புட்டி அதோடு நீரைப் பரிமாறிக்கொள்ளும். அங்கே ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சோதித்தால் சில சமயம் கிணற்றைவிட அதிகமாக வரும். டிரிட்டியம் பூசிய, இருட்டில் ஒளிரும் பழைய கைக்கடிகாரத்தோடு மாதிரி எடுக்கப் போகக்கூடாது. பிளாஸ்டிக் புட்டி சில வாரத்துக்குத் தாங்கும். மாதக்கணக்கில் வைப்பதானால் கண்ணாடி. டிரிட்டியம் அதிகமுள்ள மாதிரியையும் வெற்று மாதிரியையும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவதையும் நிறுத்துங்கள்.

பிறகு காய்ச்சி வடிக்கும் கருவி. 100 மில்லி நீரில் அரை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் போட்டு வடிக்கிறோம். முதலில் வரும் 10 மில்லியைக் கொட்டிவிட்டு, அடுத்த 50 மில்லியைப் பிடிக்க வேண்டும். முந்தைய மாதிரியின் ஈரம் குளிர்விப்பானில் இருந்தால் அடுத்ததில் கலக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிச் சாமான்களை 105 டிகிரியில் உலர்த்துங்கள். டிரிட்டியம் குறைந்த மாதிரியில் தொடங்கிக் கூடியதில் முடியுங்கள். அதிகமான ஒன்றை வடித்த பின் ஒரு வெற்று மாதிரியை வடித்து எண்ணிப் பார்த்தால் கருவிதான் குற்றவாளியா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

8 மில்லி வடிநீரோடு, கதிர் பட்டால் மின்னும் ஒளிர்திரவம் 12 மில்லி கலந்து 20 மில்லி குப்பியில் எடுப்பது வழக்கம். கலந்த கையோடு எண்ணினால் ரசாயன ஒளியும், குப்பிமேல் பட்ட ட்யூப்லைட் வெளிச்சத்தின் மிச்சமும் எண்ணிக்கையாகப் பதிவாகும். கருவிக்குள் இருட்டில் குறைந்தது சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு இருக்கட்டும். எண்ணும் நேரம் 300 முதல் 500 நிமிடம். இத்தனைக்கும் பிறகும் லிட்டருக்குச் சில பெக்கரல்தான் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) நம்பும் எல்லை. அதற்குக் கீழே போக வேண்டுமானால் மின்னாற்பகுப்பால் செறிவூட்ட வேண்டும்.

கிணற்றடியில் செய்வதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான். தேங்கிக் கிடந்த நீரை வெளியேற்றாமல் பிடித்தால் அது கேசிங்குக்குள் பழையதாய்க் கிடந்த நீர். கிணற்று நீர்த்தம்பத்தின் மூன்று மடங்கை இறைக்க வேண்டும். ஆறரை அங்குலப் போரில் மீட்டருக்கு 21 லிட்டருக்குச் சற்று மேல். 40 மீட்டர் நீர் நின்றால் 850 லிட்டர், மூன்று மடங்கு 2,550 லிட்டர். நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளும் மோட்டாருக்கு 51 நிமிடம். இரண்டு அங்குலக் கண்காணிப்புக் கிணற்றில் மீட்டருக்கு 2 லிட்டர்தான், சீக்கிரம் முடிந்துவிடும். பி.எச்., மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றும் அடுத்தடுத்த மூன்று அளவீட்டில் மாறாமல் நின்றபின் பிடியுங்கள். டிரிட்டியம் புட்டியில் அமிலம் கூடாது. கழுத்துவரை நிரப்பி மூடுங்கள்.

கானாடுகாத்தான்: வீட்டு போர் 300 அடி. தனியார் ஆய்வக அறிக்கையில் மொத்த ஆல்ஃபா லிட்டருக்கு 0.32 பெக்கரல், மொத்த பீட்டா 1.3 பெக்கரல், இரண்டுக்கும் ‘வரம்பு மீறல்’ என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறார்கள். யுரேனியம் 11 மைக்ரோகிராம், பொட்டாசியம் 42 மில்லிகிராம். அணுக்கழிவு ஏதும் கலந்திருக்கிறதா?

இல்லை. அதற்கான விடை நீங்கள் அனுப்பிய அறிக்கையிலேயே இருக்கிறது. மொத்த ஆல்ஃபா, மொத்த பீட்டா என்பவை எந்தத் தனிமம் என்று பிரிக்காமல் அந்தந்தக் கதிரை மொத்தமாக எண்ணுவது. இயற்கை யுரேனியம் 1 மைக்ரோகிராம் என்றால் சுமார் 0.025 பெக்கரல் ஆல்ஃபா. 11 × 0.025 = 0.28. மீதி 0.04 அளவீட்டுப் பிழைக்குள் வரும். தவிரவும் நிலத்தடி நீரில் யுரேனியம்-234 தன் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆல்ஃபா முழுவதும் பாறை கொடுத்தது.

பீட்டாவுக்கு வருவோம். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் பொட்டாசியம்-40 இருக்கும். ஒரு கிராமுக்கு 27.9 பெக்கரல் பீட்டா. 42 மில்லிகிராமுக்கு 1.17. யுரேனியத்தின் வழித்தோன்றல்கள், மாதிரி சில வாரம் ஆய்வகத்தில் கிடந்தால், 0.1 பெக்கரலுக்கு மேல் சேர்க்கும். கூட்டினால் 1.3 வந்துவிட்டது. பொட்டாசியத்தின் பங்கைக் கழிக்காமல் சிவப்பு மை போடுவது அரைவேலை.

வரம்புகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 மொத்த ஆல்ஃபாவுக்கு 0.1, பீட்டாவுக்கு 1 பெக்கரல் என்கிறது. யுரேனியத்துக்கோ லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்வரை ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணும் 30. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் எண் 60. ஆனால் 4 மைக்ரோகிராம் யுரேனியமே ஆல்ஃபாவை 0.1-க்குக் கொண்டுபோய்விடும். அதனால் ஆல்ஃபா வரம்பு தாண்டினால் ‘அடுத்த சோதனையைச் செய்’ என்று பொருள். தண்ணீர் கெட்டது என்ற தீர்ப்பாக அதை எடுக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் அந்த முதற்சோதனைக்கு 0.5 பெக்கரல் வைத்திருக்கிறது, அது நடைமுறைக்கு ஒத்துவரும்.

உப்பு நீரில் இந்தச் சோதனையே தள்ளாடும். நீரை வற்றவைத்து, மிச்சத்தை இரண்டு அங்குலத் தட்டில் பரப்பி எண்ணுகிறார்கள். ஆல்ஃபா கதிர் உப்புப் படிவைத் தாண்டி வெளியே வர வேண்டுமானால் படிவு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். டி.டி.எஸ். 1,000 உள்ள தண்ணீரில் 100 மில்லிதான் எடுக்க முடியும். அவ்வளவு குறைந்த நீரில் 0.1 பெக்கரலைத் துல்லியமாகப் பார்ப்பது கடினம். வற்றவைக்கும்போது டிரிட்டியம் ஆவியாகப் போய்விடும் என்பதால், மொத்த பீட்டா ‘சரி’ என்று வந்தாலும் அது டிரிட்டியத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் யுரேனியம் வரம்புக்குள் இருக்கிறது. அது சிறுநீரகத்துக்கு ரசாயன நஞ்சு. 30-க்கு அந்தக் காரணம்தான் அடிப்படை. கிரானைட், நைஸ் பாறைகளில் இயல்பாகவே பத்து லட்சத்துக்குச் சில பங்கு யுரேனியம் உண்டு. பைகார்பனேட் நிறைந்த, ஆக்சிஜன் கலந்த நீரில் அது கரையும். கோடையில் மறுபடி ஒருமுறை பாருங்கள். எங்களை உறுத்துவது அந்த 42 மில்லிகிராம் பொட்டாசியம். பாறை மட்டும் இவ்வளவு தருவது அபூர்வம். நைட்ரேட்டைச் சோதியுங்கள்: லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் போருக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்கோ மாட்டுக் கொட்டடியோ கசிகிறதா என்று பாருங்கள். அணுவைத் தேடிப் போய் அதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

பள்ளத்தூர்: ஆன்லைனில் கைகர் கவுண்டர் வாங்கினேன். வாளித் தண்ணீர் மேல் பிடித்தால் மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட். தண்ணீர் நல்லதா?

நீங்கள் அளந்தது வீட்டை. மைக்ரோசீவர்ட் என்பது உடம்பில் படும் கதிரின் அலகு. டிரிட்டியத்தின் பீட்டா காற்றிலேயே சில மில்லிமீட்டர்தான் போகும், குழாயின் சுவரைத் துளைக்காது. காமா தரும் சீசியமே இருந்தாலும் தெரியாது. லிட்டருக்கு 100 பெக்கரல், அதாவது உலக சுகாதார நிறுவன அளவைப்போல் பத்து மடங்கு, உள்ள 15 லிட்டர் வாளியிலிருந்து ஓரடி தள்ளி வரும் கூடுதல் மணிக்கு 0.002 மைக்ரோசீவர்ட்கூட இருக்காது. பின்னணியே 0.1 முதல் 0.2. திண்ணைக் கருங்கல் தூணருகே பத்து நிமிடம், பர்மாத் தேக்குத் தூணருகே பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கருவிக்கு அதுதான் சரியான வேலை. சீசியத்துக்கு உயர்தூய ஜெர்மானியம் உணரி வேண்டும், அதுவும் பல மணி நேரம் எண்ண வேண்டும். ஸ்ட்ரான்ஷியத்தை ரசாயனத்தால் பிரித்து, யிட்ரியம்-90 வளர இரண்டு வாரம் காத்திருந்து எண்ணுவார்கள். அறிக்கை மூன்று வாரம் தாமதமானால் ஆய்வகத்தைக் கோபிக்க வேண்டாம்.

கோட்டையூர்: ஆர்.ஓ. போட்டால் கதிரியக்கம் போகுமா?

யுரேனியம், ரேடியம், ஸ்ட்ரான்ஷியம், சீசியம் பெரும்பகுதி போகும். டிரிட்டியம் போகாது, அது தண்ணீரேதான். கொதிக்கவைத்தால் யுரேனியம் செறிவு கூடும். கடினத்தன்மை நீக்கும் சாஃப்ட்னர் யுரேனியத்தை எடுக்காது. பைகார்பனேட் நீரில் அது எதிர்மின் அயனியாகத் திரிகிறது, சாஃப்ட்னர் நேர்மின் அயனியைப் பிடிப்பது. ஆர்.ஓ. வெளித்தள்ளும் நீரை மழைநீர்த் தொட்டி வழியாக மறுபடி போருக்கே இறக்குகிற வீடுகள் இருக்கின்றன. யுரேனியமும் ஃபுளோரைடும் வட்டமடித்துத் திரும்பி வரும். அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் விடுங்கள்.

ரேடான் வாயு (பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் கதிரியக்க வாயு) பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். அரைவாழ்வு 3.8 நாள். போர் நீர் மேல்நிலைத் தொட்டியில் மேலிருந்து கொட்டி, ஓர் இரவு கிடந்தால் நன்றாகவே குறையும். வாசல் பைப்பில் நேராகப் பிடித்துக் குடிக்காமல் தொட்டித் தண்ணீரைக் குடியுங்கள், போதும்.

கண்டனூர்: எங்கள் ஊருணியைத் தூர்வாரினால் பக்கத்துப் போருக்கு நீர் ஏறுமா என்று கதிரியக்கத்தை வைத்தே சொல்ல முடியும் என்கிறார்களே?

முடியும், ஓரளவு. 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளால் மழையில் டிரிட்டியம் ஏறி, 1963 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிவிட்டது. இன்றைய மழையில் சில டிரிட்டியம் அலகுகள்தான்; ஓர் அலகு லிட்டருக்கு 0.118 பெக்கரல். ஊருணியிலும் போரிலும் ஒரே வாரத்தில் எடுத்து, செறிவூட்டி அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஊருணியில் இருந்து போரில் அறவே இல்லை என்றால், போர் நீர் 1950-க்கு முன் இறங்கியது; ஊருணி அதை இதுவரை எட்டவில்லை. தூர்வாரினாலும் பலன் மேல்மட்டக் கிணறுகளுக்குத்தான். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் போர் இளம் நீரைக் குடிக்கிறது. அது ஊருணி நீரா, பொதுவாகப் பெய்த மழையா என்று பிரிக்க ஆக்சிஜன்-18-ஐயும் (ஆக்சிஜனின் கனமான வடிவம்) கேளுங்கள். ஊருணியில் ஆவியாதல் அதிகம் என்பதால் அதில் வித்தியாசம் தெரியும்.

காரைக்குடி: மாதிரியை எங்கே, எப்படி அனுப்புவது?

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் டி.டி.எஸ்., ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை பார்ப்பார்கள். கதிரியக்கம் அந்த வழக்கமான பட்டியலில் இல்லை. அணுமின் நிலையங்களைச் சுற்றி 30 கி.மீ. வரை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் மாதிரி எடுக்கின்றன. வீட்டுப் போருக்கு, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் அல்லது யுரேனியத்தை ஒளிரவைத்து அளக்கும் எல்.இ.டி. ஃபுளோரிமீட்டர் வைத்திருக்கும் பல்கலைக்கழகத் துறை. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், நீங்கள் கேட்கும் தனிமம் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, கண்டறியும் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த எண் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அளவுகள்: யுரேனியத்துக்கு 250 மில்லி, பிளாஸ்டிக் புட்டி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது. நைட்ரிக் அமிலம் விடலாமா என்று ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டு விடுங்கள், ஃபுளோரிமீட்டரில் பி.எச். தவறினால் ஒளி மங்கும். மொத்த ஆல்ஃபா, பீட்டாவுக்கு 2 லிட்டர், பி.எச். 2-க்குக் கீழே அமிலமிட்டு. டிரிட்டியத்துக்கு அரை லிட்டர், அமிலமில்லாமல். ரேடானுக்கு 250 மில்லி கண்ணாடிப் புட்டி, நீருக்குள் அமிழ்த்தியே மூடியது, ஒரு குமிழிகூட இல்லாமல். அன்றைக்கே கூரியரில் போட வேண்டும், நான்காம் நாள் பாதிதான் மிஞ்சும். புட்டிமேல் நாள், மணி, போரின் ஆழம், எத்தனை நிமிடம் இறைத்தபின் எடுத்தது ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். மூடிமேல் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும்.